பேசோ ஒண்ணு போட்டுக்கலாமா?

எங்கள் லேபில் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் நூறைப் பார்த்து, எந்த வகை எத்தனை என்று எண்ணும் கவுண்டர் ஒன்று கிடக்கிறது. அதில் அடிக்கடி வரும் வகைகளான நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் பொத்தான்களில் எழுத்தே தேய்ந்து போயாயிற்று. பேசோஃபில் பொத்தான் மட்டும் வாங்கி வந்த அன்றைய பளபளப்பு மாறாமல் இருக்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாத அணு அது. நாள் முழுக்க ஸ்லைடு பார்த்தாலும் அந்தப் பொத்தானுக்கு வேலை வருவது அபூர்வம்.

வேறொரு வகையில் அதற்கு வேலை வரும். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, தாளில் கோடு போட்டு எண்ணினேன், தொண்ணூத்தொன்பதுதான் வருது. பேசோ ஒண்ணு போட்டுக்கலாமா?" அவளைத் திட்ட மனம் வரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த லேபில் மூத்தவர்களே அப்படித்தான் நூறை நிரப்புவார்கள். ரிப்போர்ட்டில் யாரும் படிக்காத கட்டம், போட்டால் என்ன, விட்டால் என்ன என்ற நினைப்பு. அப்படியே எழுதிவிட்டுப் போகலாம்தான், நோயாளி யாரென்று தெரியாதவரை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூறு அணுக்களை எண்ணி ஒரு பேசோஃபில்கூட வரவில்லையென்றால், உண்மையான அளவு 0 முதல் 4 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்று வந்தால் 0 முதல் 6 வரை. இத்தனை அபூர்வமான அணுவுக்கு நூறு என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதும் '0' இல்லை என்பதற்கான சான்று ஆகாது. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கண்ணில் பட்டுவிட்டால் தவறவிட முடியாது. கண்ணாடியில் மெல்லிசாகத் தடவி லீஷ்மன் சாயம் ஏற்றிய ரத்தத்தில், அதாவது ஸ்மியரில், கருநீலக் குருணைகள் உட்கருவையே மறைத்துக்கொண்டு, நாவல்பழத்தை நசுக்கி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்தக் குருணைகள் தண்ணீரில் கரைபவை. ஸ்மியரை மெத்தனாலில் சரியாக நிலைப்படுத்தாமல் விட்டாலோ, குழாயடியில் பிடித்துத் தாராளமாகக் கழுவினாலோ குருணை போய்க் குழிகள்தான் மிஞ்சும்; பார்த்தால் பழுதான நியூட்ரோஃபில் மாதிரி இருக்கும். கடுமையான தொற்றில் நியூட்ரோஃபிலின் குருணைகள் கறுத்துத் தடித்திருக்கும். புதிதாக வருபவர்கள் அதைப் பேசோ என்று எண்ணிவிடுவார்கள்.

சாயங்களை வைத்து இந்த அணுவை முதலில் அடையாளம் காட்டியவர் ஜெர்மனியின் பால் எர்லிஹ், 1879இல். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றவர். அதற்குப் பிறகு வெகுகாலம், திசுக்களில் இருக்கும் மாஸ்ட் செல்லின் ஏழைப் பங்காளி போலத்தான் இதை நடத்தினார்கள். 1960களின் பிற்பாதியில் ஐஜிஇ எதிர்ப்புப் புரதம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. பேசோஃபிலின் மேல்பரப்பில் ஐஜிஇ ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வாத பொருள் வந்து அதைத் தொட்டால் குருணைகள் வெடித்து அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமின் கொட்டும். ரத்தத்தில் சுற்றும் ஹிஸ்டமினில் பெரும்பகுதி இந்த ஒரு சதவீதக்காரர்களின் கைவசம்தான்.

இது அலர்ஜியோடு முடிந்துவிடும் அணுவாக இருந்தால் எங்கள் லேபில் இத்தனை பேச்சு எழுந்திருக்காது. ஒரு முறை இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுகிறது என்று வந்த இளைஞரின் சாம்பிளில் வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஸ்மியரில் நியூட்ரோஃபிலின் பிள்ளைப் பருவம் முதல் முதிர்ந்த பருவம் வரை எல்லாம் ஊர்வலம் போயின. கடும் தொற்றிலும் எண்ணிக்கை இப்படி எகிறலாம். ஆனால் தொற்றில் பேசோஃபில் அதிகரிக்காது. இந்த ஸ்மியரிலோ பார்வையை நகர்த்திய இடமெல்லாம் பேசோஃபில் ஒன்றிரண்டு தென்பட்டன. நோயியல் மேடம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சிஎம்எல்தான், பிசிஆருக்கு அனுப்பிடுங்க" என்றார். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது; பிசிஆர் டெஸ்ட் தேடுவது அந்த மாற்றத்தைத்தான். மேற்கு நாடுகளில் அறுபதை ஒட்டிய வயதுக்காரர்களுக்கு வரும் இந்த நோய், நம் நாட்டில் நாற்பதை ஒட்டியே வந்துவிடுகிறது.

அந்த நோயில் பேசோ கட்டத்துக்குத் திடீரென்று மரியாதை வந்துவிடும். நோயாளிக்கு ஆபத்து எவ்வளவு என்று கணிக்க 2011இல் வந்த யூட்டோஸ் மதிப்பெண்ணில் பேசோஃபில் சதவீதத்தை 7ஆலும், விலாவுக்குக் கீழே தட்டுப்படும் மண்ணீரலின் நீளத்தை 4ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 87ஐத் தாண்டினால் ஆபத்து அதிகமுள்ளவர் பட்டியல். மண்ணீரல் 10 சென்டிமீட்டர், பேசோ 6 என்றால் 82. பேசோ 7 என்று எழுதினால் 89. நூறை நிரப்பப் போட்ட அந்த ஒன்று ஒருவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். பயிற்சிப் பெண்ணுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். இப்போது பல மருத்துவர்கள் பேசோ சேராத வேறு மதிப்பெண்ணுக்கு மாறிவிட்டார்கள். அதற்கு எங்களைப் போன்றவர்களின் எண்ணும் லட்சணமும் ஒரு காரணமோ என்று எனக்கொரு சந்தேகம். இருந்தாலும் மருந்து ஆரம்பித்த பிறகு ரத்தம் சீரடைந்தது என்று சொல்ல, பேசோ 5 சதவீதத்துக்குக் கீழே வந்தாக வேண்டும். 20ஐத் தொட்டால் நோய் வேகமெடுத்துவிட்டது என்று கொள்வது நெடுநாள் வழக்கம்.

அந்த மருந்து இமாடினிப். அதற்கும் சென்னைக்கும் ஒரு பந்தம் உண்டு. நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக நீண்டு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று சொன்னதோடு முடிந்தது. மாதம் லட்சத்துக்கு மேல் விலை சொன்ன மாத்திரையின் உள்நாட்டுத் தயாரிப்பு சில ஆயிரங்களில் கிடைக்கிறது. மாத்திரை கைக்கு எட்டியதால்தான் எங்கள் எண்ணிக்கைக்கும் பொருள் இருக்கிறது.

"மெஷின் இருக்கே, அதுவே சொல்லாதா?" என்று கேட்கலாம். சில அனலைசர்களில் அமிலக் கரைசல் மற்ற வெள்ளை அணுக்களை உரித்து உட்கருவை மட்டும் மிச்சம் வைக்கும். பேசோஃபில் மட்டும் உடையாமல் நிற்கும். நிற்பதை எண்ணினால் பேசோ கணக்கு. நல்ல உத்திதான். ஆனால் புற்றுநோயின் இளம் அணுக்களும் சில சமயம் உடையாமல் நின்றுவிடும். அப்போது மெஷின் பேசோ 15, 20 என்று அடித்துவிடும். ஸ்லைடில் ஒன்றுகூட இருக்காது. அந்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்றுபவர் எவரும் மைக்ராஸ்கோப் பக்கமே வர வேண்டியதில்லை.

கூடுவது ஒரு கதை என்றால் குறைவது இன்னொன்று. காரணம் பிடிபடாமல் மாதக்கணக்கில் தடிப்பு வந்து போகிறவர்களுக்கு, நோய் உக்கிரமாக இருக்கும்போது ரத்தத்தில் பேசோஃபில் குறைந்துவிடும். அவை தோலுக்குள் புகுந்துவிடுகின்றன. எங்கள் தோல் மருத்துவர் அப்படி ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பேசோ பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவே பூஜ்யமாம்மா?" என்று கேட்டார். "சார், நூறுல பூஜ்யம். எல்லாருக்கும் அதேதான் வரும்" என்றேன். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி இருந்தால் ஆயிரக்கணக்கில் எண்ணிச் சொல்லலாம், எங்களிடம் இல்லை. டொலுயிடின் நீலச் சாயம் ஏற்றி, கட்டம் போட்ட கண்ணாடிச் சேம்பரில் நேரடியாக எண்ணும் பழைய முறை ஒன்று இருக்கிறது. கூட்டம் குறைந்த பிற்பகல்களில் பயிற்சிப் பெண்ணும் நானும் அதைப் பழகிப் பார்க்கிறோம். கட்டணப் பட்டியலில் அப்படி ஒரு டெஸ்டே கிடையாது; ரியேஜென்ட் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஸ்டோர்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.