சர்வே எண் 265 எப்படி 261 ஆனது

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர் என்பதால், இங்குள்ள பழைய குடும்பங்களின் பெட்டிகளில் கொல்லம் ஆண்டு போட்டு எழுதிய ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) இன்றும் கிடக்கின்றன. அவற்றை வாங்கி ஸ்கேன் செய்து, சர்வே எண்ணும் பெயரும் சேர்த்துப் பட்டியலிட்டு வைக்கும் வேலையை மூன்று ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நம்பிக் கொடுத்தவர்களின் நில ஆவணங்கள் என்பதால், கணினியே களவு போனாலும் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்திருக்கிறேன். நான்கு டிஸ்குகள், ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும் ரெய்டு 5 முறையில் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. அதன் மேல் லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறையான லக்ஸ். அதற்கும் மேல் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை.

சென்ற பங்குனிக் கடைசியில், ஒரு ஐநோடின் (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) சரிபார்ப்புத் தொகை, அதாவது தரவு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கக் கணக்கிடும் எண், பொருந்தவில்லை என்று இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவில் ஒரு வரி வந்தது. கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்.எஸ்.சி.கே. கருவியை ஓட்டினேன், சரியாயிற்று. இரண்டு வாரத்தில் வேறோர் இடத்தில் அதே பிழை வந்தது; வைகாசிக்குள் நான்கு முறை ஆகிவிட்டது. டிஸ்குகள் தம் நலத்தைத் தாமே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில், கெட்டு மாற்றப்பட்ட செக்டர்களை (டிஸ்கின் சிறு பகுதிகள்) எண்ணும் 5, சந்தேகத்துக்குரிய செக்டர்களை எண்ணும் 197, இணைப்புப் பிழைகளை எண்ணும் 199 ஆகிய மூன்றும் நான்கு டிஸ்குகளிலும் சுழியமாகவே இருந்தன. டிஸ்கையும் கணினியையும் இணைக்கும் சாட்டா இணைப்பில் போகும் ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு சரிபார்ப்புத் தொகை போவதால், கேபிள் பழுதென்றால் 199 ஏறியிருக்க வேண்டும். அது தெரிந்திருந்தும், வேறு வழி தோன்றாமல் ஆனி மாதத்தில் கேபிள்களை மாற்றினேன். அந்த வாரமே ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கியது. அதற்குப் பின் இரண்டரை மாதம் ஒரு பிழையும் இல்லாததால், கேபிள்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். சாரல் ஓய்ந்து புரட்டாசி வெயில் ஏறியதும் பிழை திரும்ப வந்தது.

அந்த நாட்களில்தான் புளியரையிலிருந்து ஓர் அம்மா தம் தாத்தாவின் ஆதாரத்தைத் தேடி வந்தார். பட்டியலில் சர்வே எண் 261 என்று இருந்தது. படத்தைத் திறந்து பார்த்தால் 265. தட்டச்சு செய்யும் தம்பியைக் கூப்பிட்டு, கவனமில்லாமல் அடித்துவிட்டாய் என்று அந்த அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவன் மறுத்துப் பேசவில்லை. இரவு அவனுடைய மடிக்கணினியில் இருந்த மூலப் பட்டியலைப் பார்த்தபோது அதில் 265 என்றுதான் இருந்தது.

இரண்டு கோப்புகளையும் சி.எம்.பி. கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ஒரே ஒரு பைட் வேறுபட்டது. அந்தக் கட்டளை காட்டும், எட்டை அடிமானமாகக் கொண்ட எண் முறையில் 65 இருக்க வேண்டிய இடத்தில் 61 இருந்தது. இரண்டுக்கும் இடையே 4 மதிப்புள்ள ஒரேயொரு பிட்தான் வித்தியாசம்; 1 ஆக இருந்தது 0 ஆகியிருந்தது. ஐந்து ஒன்றாவதற்கு அது போதும்.

இந்த ஒற்றைப் பிட்தான் எனக்கு வழி காட்டியது. லக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏ.இ.எஸ். எக்ஸ்.டி.எஸ். முறை, தரவை 16 பைட் கட்டங்களாகப் பிரித்துக் குறியாக்கம் செய்கிறது. குறியாக்கம் முடிந்த தரவில், அதாவது டிஸ்கிலோ கன்ட்ரோலரிலோ, ஒரு பிட் புரண்டால், திறந்து படிக்கும்போது அந்த 16 பைட் கட்டம் முழுவதும் அர்த்தமில்லாத குப்பையாகிவிடும். பக்கத்துக் கட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே ஒரு பிட் மட்டும் மாறி அதன் அண்டை பைட்டுகள் நன்றாக இருந்தால், அந்தப் பழுது குறியாக்கத்துக்கு முன்போ, திறந்த பிறகோ, தரவு குறியாக்கம் இல்லாமல் வெளிப்படையாக இருந்த நேரத்தில் நேர்ந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். டிஸ்க் அந்த இடத்துக்கு எட்டாது.

ஸ்கேன் செய்த அன்றே மடிக்கணினியில் எடுத்து வைத்திருந்த, ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஷா256 எண்களின் பட்டியலோடு எல்லாப் படங்களையும் ஒத்துப் பார்த்ததில் 23 படங்கள் பொருந்தவில்லை. பிரதி இருந்தவற்றை ஒப்பிட்டதில், பெரும்பாலானவற்றில் ஒற்றைப் பிட் மாற்றம்; ஒவ்வொன்றிலும் அதே 4 மதிப்புள்ள பிட், ஒவ்வொன்றிலும் 1 போய் 0. மற்ற ஆறில் 16 பைட் குப்பை. சி.எம்.பி. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதால் ஒன்றைக் கழித்துப் பார்த்தபோது, ஆறு குப்பைகளும் 16ஆல் மீதியின்றி வகுபடும் இடங்களில் தொடங்கின. குறியாக்கத்துக்கு மேலும் கீழும் இரு பக்கமும் பழுது நேர்ந்திருக்கிறது. இரு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கணினியின் தற்காலிக நினைவகமான ரேம். ரெய்டின் சரிபார்ப்பை ஓட்டியபோது பொருந்தாத செக்டர்களின் எண்ணிக்கை முதல் நாள் 8, மறுநாள் 0, அதற்கடுத்த நாள் 16 என்று வந்ததும் இதையே சொன்னது. தவறு டிஸ்கில் பதிந்திருந்தால் அந்த எண் நாளுக்கு நாள் மாறாது.

ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு சிறு மின்னூட்டம். அது கசிந்து போவதற்குள், வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை, புதுப்பிக்கப்படுகிறது. சூடு ஏறினால் கசிவு விரைவாகும். பலவீனமான ஓர் அறை அதற்குள்ளேயே காலியாகிவிடும். சாரல் அந்தச் சூட்டைத் தணித்துப் பிழையை மறைத்தது; எனக்குச் சாரல் செய்த உதவி அதுதான். ஆடியில் ஓர் இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டி, பிழையில்லை என்று திருப்திப்பட்டிருந்தேன். இப்போது பக்கவாட்டு மூடியை இறுக மூடி, உச்சி வெயிலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓட்டினேன். மூன்றாவது சுற்றில் சிவப்பு வரிகள் வந்தன, அதே பிட்.

நான்கு முறை எஃப்.எஸ்.சி.கே. ஓட்டியது நினைவுக்கு வந்தபோது உடல் நடுங்கியது. பழுதான ரேமை நம்பித் திருத்தும் கருவி, சரியாக இருப்பதையும் தவறென்று கண்டு மாற்றி எழுதக்கூடும். அதைவிடப் பெரிய அபாயம் லக்ஸ் தலைப்பகுதி: சாவியைக் காக்கும் இடத்தில் ஒரு பிட் கெட்டாலும் கடவுச்சொல்லால் திறக்கும் அந்தச் சாவித்துளை செத்துவிடும், எஃப்.எஸ்.சி.கே. அங்கே ஒன்றும் செய்ய இயலாது. தலைப்பகுதியின் நகலைத் தனியே எடுத்து வைத்திருக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். புதிய ரேம் போட்டதும் செய்த முதல் வேலை அதுதான். கணினியிலிருந்த தாய்ப்பலகை, பிழை திருத்தும் இ.சி.சி. ரேமை ஏற்காததால், பலகையையும் சேர்த்தே மாற்றினேன்.

புதிய ரேமில் திரும்பப் படித்தபோது, 23இல் 9 படங்கள் பொருந்திவிட்டன; அவை டிஸ்கில் நன்றாகவே இருந்து, படிக்கும்போது மட்டும் கெட்டவை. மீதி 14இல் 11ஐ மடிக்கணினியில் இருந்த பிரதிகளிலிருந்து மீட்டேன். மூன்றுக்குப் பிரதி இல்லை. மூலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதில் இரண்டு ஆதாரங்கள் புளியரையில் அந்த அம்மா வீட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போகிறோம். தம்பியும் வருகிறான், அவன் பிழை செய்யவில்லை என்பதை அந்த அம்மா முன்னால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.