குடுவைக்குள் நித்தியகல்யாணி

தேவனாம்பட்டினம் பக்கம் மணலில் யாரும் விதைக்காமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிதான் இப்போது என் பிழைப்பு. தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய், ஆய்வகத்தில் அதன் வேரை மட்டும் வளர்க்கிறேன். செடி கிடையாது, மண்ணும் கிடையாது.

இலைத்துண்டைக் கீறி, அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியாவைத் தடவினால், அது தன் மரபணுவில் ஒரு துண்டை இலையின் செல்லுக்குள் நுழைத்துவிடும். சில வாரங்களில் கீறிய இடத்தில் மயிர்போல வேர் கிளம்பும். அப்புறம் ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவைக் கொன்றுவிடலாம். ஹார்மோன் எதுவும் கேட்காமல், சர்க்கரையும் உப்புகளும் கரைத்த நீரில் வேர் பாட்டுக்குக் கிளைவிட்டுக்கொண்டே போகும். அதில் அஜ்மலிசின் கிடைக்கும், ரத்த ஓட்டத்துக்கான மருந்துப்பொருள். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை எதிர்பார்க்க முடியாது. அதற்குத் தேவையான வின்டோலின் என்ற மூலப்பொருள் பச்சைப் பாகங்களில்தான் உருவாகும்.

"அப்போ இலையையே பறிச்சுக்கலாமே?" என்றார் அம்மா. சரியான கேள்விதான். இலையில் வின்பிளாஸ்டின் இருப்பது துளியூண்டு என்பதுதான் சிக்கல்.

நேற்று ஆறு குடுவைகளில் பூஞ்சை. மூன்று வார வேலை, மொத்தமும் ஆட்டோகிளேவுக்கு, அதாவது சூடான நீராவியில் கிருமிகளைக் கொல்லும் கருவிக்குப் போனது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.