பொட்சுவோலி: சிப்பி துளைத்த தூண்கள்

எரிமலை ஊர் என்று கேள்விப்பட்டுத்தான் இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து ரயில் ஏறினேன். பொட்சுவோலியில் இறங்கிப் பார்த்தால் மலையே இல்லை. கடல், மீன் கடைகள், மாடி வீடுகள், கொடியில் காயும் துணிகள். காம்பி ஃப்ளெக்ரெய் எரிமலையின் வாய்க்குள்தான் ஊரே இருக்கிறது. வாய் 12 கிலோமீட்டருக்கு மேல் அகலம். உள்ளே நிற்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ரோமானியர் காலத்துச் சந்தை ஒன்று பள்ளத்தில் கிடக்கிறது. அதில் மூன்று பளிங்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கம்பிக்கு வெளியே நின்று கேமராவில் ஸூம் செய்தேன். அடியில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வரை வழவழப்பு. அதற்கு மேலே இரண்டரை மீட்டருக்குப் புழு அரித்த மரம் மாதிரி ஓட்டைகள். கல்லைத் துளைத்து வாழும் கடல் சிப்பிகளின் வேலை. நிலம் தாழ்ந்து, தூண்கள் அந்த உயரம் வரை கடலில் மூழ்கி, பிறகு மெல்ல மேலே வந்திருக்கின்றன. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்ததால் தப்பியது. புவியியல் அறிஞர் சார்லஸ் லயல் 1830இல் தன் புவியியல் நூலின் முகப்பில் இந்தத் தூண்களைத்தான் வைத்தார். அரை மணி நேரம் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அப்புறம் படகுத்துறை. சில படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கடல் வற்றவில்லை, தரை உயர்ந்துவிட்டது. 1982இலிருந்து 1984 வரை மட்டும் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்து, ஏறக்குறைய 40,000 பேர் வீட்டை விட்டுப் போனார்கள். 2005இலிருந்து மறுபடி உயர்கிறது, கூடவே நிலநடுக்கங்கள். பக்கத்து எரிமலையான வெசுவியஸின் பெயரில் 1841இல் தொடங்கிய வெசுவியஸ் ஆய்வகம்தான் இதையும் ஜிபிஎஸ், நிலநடுக்கமானி, வாயு அளவீடு என்று இரவும் பகலும் கண்காணிக்கிறது. தரையைத் தூக்குவது மாக்மா எனும் பாறைக் குழம்பா, அது சூடேற்றும் நீராவியும் வாயுவுமா, இரண்டும் சேர்ந்தா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விடையைப் பொறுத்துத்தான் மக்களை எப்போது வெளியேற்றுவது என்பதும். 1538இல் மோன்தே நுவோவோ, அதாவது 'புது மலை', எரிமலை வெடித்து ஒரே வாரத்தில் எழுந்தது. அதற்கு முன்பும் நிலம் இப்படித்தான் உயர்ந்ததாம்.

அன்று இரவு கட்டில் ஒருமுறை குலுங்கியது, ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. வெளியே ஓடினேன். வீட்டுக்கார அம்மா நடையில் நின்றுகொண்டிருந்தார். கதவோரம் அவருடைய செருப்பு, டார்ச், ஒரு சின்னப் பை. "சின்னதுதான், போய்ப் படுங்க" என்றார். அவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தார்.