தட்டைக் கவிழ்த்து வைத்த வீடுகள்: ஒக்லஹோமா புழுதிக்காட்டில் மூன்று நாள்

காரைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் 75 டாலர் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால், உள்ளே ஒரே தூசி, சுத்தம் செய்யக் கட்டணம் என்கிறார்கள். கண்ணாடியை ஒரு விரற்கடைகூட இறக்கவில்லை என்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கவுன்டரில் இருந்த பையன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இந்தப் பக்கம் போகிறவர்கள் காரை எடுக்கும்போதே தூசிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 75 டாலர் என்பது எங்கள் இரண்டு பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு. வயிறு எரிகிறது.

அந்தத் தூசி எப்படி உள்ளே வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒக்லஹோமாவின் பாய்ஸ் சிட்டியிலிருந்து டெக்சாஸில் இருக்கும் டால்ஹார்ட்டுக்குத் திரும்பும் வழியில், உழுது வெறுமனே போட்டிருந்த ஒரு நிலத்திலிருந்து காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து சாலையை மறைத்தது. அண்ணி ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். கால் மணி நேரம் இருக்கும். அடங்கிய பிறகு பார்த்தால், கண்ணாடி எல்லாம் மூடியிருந்த காருக்குள், டேஷ்போர்டின் மேல் கோலமாவைவிட மெல்லிசாக ஒரு பழுப்புப் படலம். விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. பல்லுக்கிடையில் நறநறவென்று மண். கால் மணி நேரத்துக்கே இப்படி. 1932-லிருந்து ஏறக்குறைய அந்தப் பத்தாண்டு முடியும்வரை இதே மண்ணில் பிள்ளை பெற்று, மாடு கறந்து, ரொட்டி சுட்டுக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் இருந்த இடத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே.

அமெரிக்கப் படத்தில் ஒக்லஹோமா மாநிலம் கைப்பிடி வைத்த வாணலி மாதிரி இருக்கும். அந்தக் கைப்பிடியும், அதை ஒட்டிய வடக்கு டெக்சாஸ், தென்மேற்குக் கன்சாஸ், தென்கிழக்குக் கொலராடோ, வடகிழக்கு நியூ மெக்சிகோ பகுதிகளும் சேர்ந்ததுதான் 'டஸ்ட் பவுல்'. புழுதிக் கிண்ணம். 1932-இல் 14 புழுதிப் புயல்கள் என்று கணக்கு; அடுத்த ஆண்டு 38. 1934 மே மாதம் எழுந்த ஒரு புயலில் இந்த மண் நியூயார்க் தெருக்களில் விழுந்தது. அட்லாண்டிக் கடலில் போன கப்பல்களின் தளத்திலும் படிந்தது.

டாலஸில் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, காரும் அவருக்கு வேண்டும். அதனால் நானும் அண்ணியும் அமரில்லோவரை பஸ்ஸில் போய், அங்கே வாடகைக் கார் எடுப்பது என்று திட்டம். அந்தப் பஸ்ஸைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மூன்று மணி நேரத் தாமதம், அறிவிப்பு கிடையாது, ஏசி குளிரில் பல் தந்தியடித்தது. கழிப்பறை நாற்றத்தில் கடைசி நான்கு வரிசையிலும் யாரும் உட்காரவில்லை. பாய்ஸ் சிட்டிக்கு நாங்கள் தேடிய வரையில் பஸ்ஸே அகப்படவில்லை, கார் இல்லாமல் கிளம்ப வேண்டாம். பெட்ரோலையும் ஊருக்கு ஊர் நிரப்பிக்கொள்ளுங்கள், நடுவில் ஒன்றும் இருக்காது.

டால்ஹார்ட்டில் சாப்பிட்ட மதியச் சாப்பாடு அத்தனையையும் ஈடுகட்டியது. எட்டு மேசை போட்ட சின்ன உணவகம். பின்டோ பீன்ஸும் கார்ன்பிரெட்டும் கேட்டோம். நம் ராஜ்மாவைவிட இளசாக வெந்து, தானே குழைந்து கெட்டியான குழம்பு; மேலே பச்சை வெங்காயம். கார்ன்பிரெட்டை இரும்புச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள், அடி முறுகலாக, விண்டால் ஆவி பறந்தது. ஒருவருக்கு ஒன்பது டாலர், இரண்டாவது முறை பீன்ஸ் கேட்டதற்குக் காசு வாங்கவில்லை. மூன்று நாளில் திரும்பத் திரும்ப இங்கேயே சாப்பிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பரிமாறிய அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார், சொன்னோம். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பாட்டி வீட்டில் சாப்பாட்டு மேசையில் தட்டும் தம்ளரும் எப்போதும் கவிழ்ந்துதான் இருக்குமாம். சாப்பாடு வந்த பிறகுதான் நிமிர்த்த வேண்டும். புழுதி நின்று முப்பது வருடம் ஆன பிறகும் பாட்டிக்கு அந்தக் கைப்பழக்கம் மாறவில்லையாம். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ சமைக்கிறது எப்படிங்க?" என்று கேட்டார்.

பிறகு அண்ணி வழியெல்லாம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தார். நான் படித்து வைத்திருந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் தன் அடுக்களையில் வைத்துப் பார்த்தார். ஜன்னல் இடுக்கிலெல்லாம் மாவுப் பசையால் காகிதப் பட்டை ஒட்டுவார்கள். அதன்மேல் ஈரப் போர்வையைத் தொங்கவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் போர்வை சேறாகிவிடும், எடுத்து அலசி மறுபடி போட வேண்டும். அலசத் தண்ணீர்? கிணற்றில் இறைக்க வேண்டும். துவைத்த துணியைக் கொடியில் போட்டால் அழுக்காகித் திரும்பி வரும். சில வீடுகளில் அலமாரி இழுப்பறைக்குள் மாவை வைத்து, மேலே துணி மூடி, துணியில் இரண்டு ஓட்டை போட்டு, அதற்குள் கையை விட்டுப் பிசைந்திருக்கிறார்கள். படுக்கும்போது முகத்தில் ஈரத் துணி, மூக்கில் வாஸ்லின். காலையில் எழுந்தால் தலையணையில் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். மாவு மூட்டைத் துணியில்தான் பிள்ளைகளுக்குச் சட்டை. "நாள் பூரா இந்த வேலையே சரியாப் போச்சுன்னா, அந்தப் பொம்பளைங்க எப்ப உட்கார்ந்தாங்க?" என்றார் அண்ணி. நான் படித்த எந்தப் புத்தகமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பாய்ஸ் சிட்டி என்ற பெயரே ஒரு மோசடி. 'பாய்ஸ்' என்றுதான் உள்ளூரில் சொல்கிறார்கள். மரங்கள் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1908-இல் ஒரு கம்பெனி, நிழல் மரங்களும் தளம் போட்ட தெருக்களும் உள்ள ஊர் என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்து ஆயிரக்கணக்கான மனைகளை விற்றது. வந்து இறங்கியவர்களுக்கு ஒரு மரம்கூட இல்லாத வெறும் புல்வெளி. விற்றவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், ஆனால் ஏமாந்து வந்த சனம் அப்படியே இருந்து ஊரைக் கட்டியது. நடுவில் நீதிமன்றம், சுற்றிலும் ரவுண்டானா. வெளியே பெரிய இரும்பு டைனோசர் நிற்கும் அருங்காட்சியகம் ஒன்று உண்டு, தவறவிடாதீர்கள்.

இந்த ஊர்க்காரர்கள் 1935 ஏப்ரல் 14-ஐ மறக்கவில்லை. வாரக்கணக்கில் புழுதி அடித்த பிறகு அந்த ஞாயிறு காலை வானம் தெளிந்து வெயில் இதமாக இருந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்து, வீட்டைக் கழுவி, சர்ச்சுக்கும் வெளியிடங்களுக்கும் கிளம்பினார்கள். சாயங்காலம் வடக்கிலிருந்து கரிய மலை ஒன்று உருண்டு வந்தது. அதற்கு முன்னால் பறவைகள் அலறிக்கொண்டு பறந்தன. பகலிலேயே முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு சவ ஊர்வலம் அதில் மாட்டிக்கொண்டது: ஒரு கைக்குழந்தைக்கும் அதன் கொள்ளுப்பாட்டிக்கும் ஒரே நாளில் இறுதிச் சடங்கு. குழந்தை போனது, தூசி நுரையீரலில் சேர்ந்து வரும் தூசி நிமோனியாவில். இதைச் சொன்னபோது அண்ணி காரை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மழை பொய்த்ததுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. இது வானம் பார்த்த பூமி, பஞ்சம் இதற்குப் புதிதில்லை. புல் இருந்தவரை மண் பறக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை ஒரு புஷல், அதாவது ஏறக்குறைய 27 கிலோ, இரண்டு டாலருக்கு மேல் விற்றது. டிராக்டரையும் வட்டத்தட்டுக் கலப்பையையும் வைத்துப் புல்வெளியைப் புரட்டிப் போட்டார்கள். 1931-இல் அமோக விளைச்சல், விலை 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. கடனைக் கட்ட இன்னும் அதிகமாக உழுதார்கள். அடுத்து மழையும் நின்றது. பெட்டியோடு வந்து விதைத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போகும் வெளியூர்க்காரர்களை 'சூட்கேஸ் விவசாயிகள்' என்றே அழைத்தார்கள். அவர்கள் போட்டதைப் போட்டபடி விட்டுப் போனார்கள். அந்த மண்ணைத் தின்றது அங்கேயே குடியிருந்த குடும்பங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டஸ்ட் பவுல் என்றாலே மூட்டை முடிச்சோடு கலிபோர்னியாவுக்குப் போனவர்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறார்கள். அப்படிப் போனவர்களில் பலர் இந்தப் பகுதிக்காரர்களே இல்லை, இன்னும் கிழக்கே பருத்தி போட்ட குத்தகைக்காரர்கள். இங்கே பெரும்பாலானவர்கள் போகவே இல்லை. மாட்டுக்குத் தீவனம் தீர்ந்தபோது, காற்றில் உருண்டோடும் டம்பிள்வீட் முட்செடியை அரைத்து உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். 1934-இல் அரசாங்கம் மாடுகளை 14 முதல் 20 டாலர் விலைக்கு வாங்கிக்கொண்டது. இறைச்சிக்கும் ஆகாத அளவுக்கு இளைத்தவற்றைச் சுட்டுப் புதைத்தார்கள். வேலி மண்ணில் மூடிப்போனால் அதன்மேலேயே இன்னொரு வேலி. உலர்ந்த காற்றில் மின்சாரம் ஏறிக் கார் நின்றுவிடும் என்று பின்னால் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

ஒக்லஹோமாக் கைப்பிடியில் ஈவா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கேரலைன் ஹென்டர்சன் என்ற ஆசிரியை 1907-இல் தனியாக வந்து நிலம் எடுத்தார். கிணறு தோண்ட வந்தவரை அடுத்த ஆண்டு மணந்துகொண்டார். புழுதிக் காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் 1936-இல் ஒரு தேசியப் பத்திரிகையில் வந்தன. அக்கம்பக்கத்தில் சிலர் போய்விட்டாலும் அவரும் கணவரும் அந்த நிலத்தை விடவில்லை. 1960-களின் நடுவரை அங்கேயே இருந்தார்கள்.

வழியில் பெரிய பெரிய பச்சை வட்டங்கள். ஓகலாலா என்ற நிலத்தடி நீரை உறிஞ்சி, சுழலும் குழாய்களில் பீய்ச்சிச் சோளம் போடுகிறார்கள். நீர்மட்டம் பல இடங்களில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

எல்க்கார்ட், கன்சாஸ். போன இடங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், கட்டணமும் கிடையாது. 1935-இல் ஹியூ பென்னட் தலைமையில் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு துறை வந்தது. பாழான பண்ணைகளை அரசாங்கம் விலைக்கு வாங்கி மறுபடி புல் விதைத்தது. அப்படி உருவானதுதான் சிமரான் தேசியப் புல்வெளி, ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். பாயின்ட் ஆஃப் ராக்ஸ் குன்றின் மேல் ஏறினால் கீழே தண்ணீரில்லாத சிமரான் ஆறு, கரையில் நாலு காட்டன்வுட் மரம், மற்றபடி கண் போகிற தூரம் புல்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அண்ணி. அப்புறம் குனிந்து ஒரு பிடி பஃபலோ புல்லைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கை உயரம்கூட இல்லாத புல். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். நுனி நாலு அறுந்து வந்தது, கை சிவந்தது, வேர் அசையவில்லை. அன்றைக்குக் காற்று அவர் துப்பட்டாவைக் கழுத்தோடு பிடுங்கும் வேகத்தில் அடித்தது. கீழே மண் எழவே இல்லை.