கினெக்டில் உளவாளி விளையாட்டு: சிலையாக நிற்கும் காட்சி

உடலசைவை உணரும் மைக்ரோசாஃப்ட்டின் விளையாட்டுக் கேமராவான கினெக்டின் பழைய முதல் தலைமுறைக் கருவியைக் கணினியுடன் இணைத்து நான் எழுதிவரும் உளவாளி விளையாட்டில், சென்ற மாதம் வரை லேசர் கூடம் என்ற ஒரு காட்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆடுபவர் குனிந்தும் காலைத் தூக்கியும், திரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும் கதிர்களில் படாமல் கடக்க வேண்டும். கினெக்ட் அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் வீசி, அவை இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகியிருக்கும் அளவிலிருந்து தொலைவைக் கணிக்கிறது. அதைக் கொண்டு மென்பொருள் உடலின் 20 மூட்டுகளை வினாடிக்கு 30 முறை தருவதால், ஒவ்வொரு கதிரும் மூட்டுகளை இணைக்கும் எலும்புக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று கணக்கிட்டாலே போதும். உடலைப் பக்கவாட்டில் திருப்பினால் மறைகிற கையின் இடத்தை மென்பொருள் ஊகித்துத் தந்ததால் வீணாக மணி அடித்தது. ஊகித்தவை எனக் குறிக்கப்படும் மூட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதும் அது நின்றது.

இரண்டாவது காட்சிதான் என்னைப் படுத்தி எடுத்தது. காவலாளியின் டார்ச் வெளிச்சம் கடக்கும் 4 வினாடிகளும் ஆடுபவர் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் நான் மூச்சை அடக்கி நின்றாலும் மணிக்கட்டு மூட்டு திரையில் துள்ளிக்கொண்டே இருந்தது. துள்ளலை அடக்கும் அளவுகளை ஏற்றினால் உடலின் அசைவு திரையில் தாமதமாகத் தெரிந்து, லேசர் கூடம் ஆட முடியாததாகிவிட்டது.

அப்போதுதான் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவியின் ஐடாய் கேமராவும், அதற்காக 2005இல் வந்த ஸ்பைடாய் என்ற உளவாளி விளையாட்டும் நினைவுக்கு வந்தன. ஐடாய்க்குத் தொலைவும் தெரியாது, எலும்பும் தெரியாது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடே அதன் அறிவெல்லாம். அசையாமல் நிற்பவர் அதன் கணக்கில் இல்லாதவர், ஒளிந்து திரியும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான குறைபாடு வேண்டுமா!

அந்த முறையை வண்ணப் படத்தில் முயன்றபோது, சுவரில் சுழன்ற மின்விசிறியின் நிழலையே என் நிரல் உளவாளி என்று பிடித்தது. ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் காட்டும் ஆழப் படத்துக்கு மாறியதும் நிழல் தொல்லை ஒழிந்தது. 2 மீட்டர் தொலைவில் கினெக்டின் அளவீடே ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் படிகளில்தான் மாறும் என்பதால், 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மாற்றத்தை மட்டுமே அசைவாகக் கொண்டேன். உருவத்தின் விளிம்புகள் எப்போதும் மினுங்குவதால் அவற்றையும் ஒதுக்கினேன்.

நேற்று ஆடிப் பார்த்த அக்காள் மகன், அடுத்தடுத்த படங்களுக்கிடையே மாற்றம் மிகச் சிறிதாக இருக்கும்படி நத்தைபோல் நகர்ந்து, டார்ச் வெளிச்சத்திலேயே பெட்டகத்தை எட்டிவிட்டான். வெளிச்சம் விழுந்த கணத்தின் படத்தோடு ஒப்பிட்டால் அவனைப் பிடித்துவிடலாம், எழுதவும் தொடங்கினேன். ஆனால் அவன் செய்ததுதானே உளவு வேலை என்று தோன்றியதால் அந்த வரிகளை அழித்துவிட்டு, காவலாளி சில சுற்றுகளில் டார்ச்சைத் திடீரெனத் திருப்பிப் பார்க்கும்படி மட்டும் மாற்றியிருக்கிறேன்.