ஆயுள் சந்தாவும் ஐந்தாண்டுத் திட்டமும்

சென்னையில் ஓர் ஆய்வுக் கழகத்தின் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஓர் அறை, இரண்டு பீரோ, ஒரு கம்ப்யூட்டர். சம்பளத்துக்கு நான் ஒருவன்தான். தலைவர், செயலாளர், பொருளாளர், இதழாசிரியர், செயற்குழு எல்லாமே கௌரவப் பதவிகள். ஆண்டுக்கு இரண்டு இதழ், ஒரு கருத்தரங்கு, ஒரு பொதுக்குழு, அதற்கு வடை காபி. அவ்வளவுதான் கழகம்.

2019 கடைசியில் ‘நமக்கும் ஒரு ஸ்ட்ராட்டஜி வேண்டும்’ என்று பேச்சு எழுந்தது. செயற்குழுவுக்குப் புதிதாக வந்த பேராசிரியர் ஒருவர், தன் கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வந்தபோது பக்கம் பக்கமாக ஆவணம் தயாரித்தவர், முன்னின்று நடத்தினார். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பயிலரங்கு. சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். அச்சுறுத்தல் கட்டத்தில் யாரோ ‘செயற்குழு’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஐந்தாண்டுத் திட்டம் தயாரானது. பதினான்கு இலக்குகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பொறுப்பு’ என்று ஒரு கட்டம், பதினான்கிலும் ‘செயற்குழு’. நடைமுறையில் அதற்கு அர்த்தம், இரவு பதினொரு மணிக்கு மேல் மெய்ப்புப் பார்க்கும் இதழாசிரியரும் நானும்.

முதல் இலக்கு, இதழை யூஜிசி கேர் பட்டியலில், அதாவது பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியலில், சேர்ப்பது. அதைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆண்டுதான் பட்டியல் வந்திருந்தது. “கேர்ல இருக்கா சார்?” என்று தினமும் யாராவது போன் செய்வார்கள். இல்லை என்றதும் வைத்துவிடுவார்கள். கல்லூரி ஆசிரியருக்குப் பதவி உயர்வு, ஆய்வு மாணவருக்குப் பட்டம், இரண்டும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டிருந்தன. சரி என்று விண்ணப்பத்துக்கான வேலைகளில் இறங்கினோம். நடுவில் கொரோனா. 2025 பிப்ரவரியில் யூஜிசி அந்தப் பட்டியலையே கைவிட்டது. எங்கள் முதல் இலக்கு அப்படியே காற்றில் போனது. அந்தச் சாக்கில் கட்டுரைகளை இரண்டு பேரிடம் கொடுத்து மதிப்பிடும் பழக்கம் வந்தது மட்டும் லாபம்.

‘பார்த்தீர்களா, திட்டமெல்லாம் வீண்’ என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு வரியில்கூட இல்லாத விஷயம் என் மேஜைமேல் நீல அட்டை போட்ட பேரேடாக இருந்தது: ஆயுள் உறுப்பினர் பதிவேடு.

ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுக்க இதழ் வரும், அதுதான் ஆயுள் சந்தா. 1990களின் தொடக்கத்தில் அது 500 ரூபாய். வங்கியில் போட்டு அந்த வட்டியில் இதழ் அனுப்புவது ஏற்பாடு. அப்போது வைப்புத்தொகைக்கு 12 சதவீதம்போல வட்டி. ஆண்டுக்கு 60 ரூபாய் வந்தது. இரண்டு இதழை அச்சடித்து அனுப்பக் கையைக் கடிக்காது. இன்று 7 சதவீதம் என்று வைத்தாலும் 35 ரூபாய். தபால் செலவே அதை விழுங்கிவிடும். அப்புறம் அச்சுக்கூலி? கருத்தரங்குப் பதிவுக் கட்டணத்திலிருந்து எடுத்துப் போட்டோம். அதனால் என்ன ஆயிற்று என்றால், கருத்தரங்குக்கு வந்த எந்தக் கட்டுரையையும் திருப்பி அனுப்ப எங்களுக்குத் துணிவில்லை. தேறுமா என்று பார்க்கவில்லை, தலையை எண்ணினோம். ஒரே நாளில் ஆளுக்கு ஆறு நிமிடம் கொடுத்து நான்கு அரங்குகளில் வாசிக்க வைத்ததெல்லாம் உண்டு. ஆக, எங்களிடம் ஸ்ட்ராட்டஜி இல்லாமல் இல்லை. எழுதாத ஒன்று பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதற்குக் கைதூக்கி ஓட்டுப் போடவில்லை, அவ்வளவே.

எங்கள் பொருளாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கதை சொல்வார். லண்டனில் உள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1686இல் மீன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகத்தைப் படங்களோடு போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு நியூட்டனின் ‘பிரின்சிபியா’ அச்சேற வேண்டும், கையில் காசில்லை. அங்கே எழுத்தராக இருந்த வானியலாளர் எட்மண்ட் ஹாலி தன் பணத்தைப் போட்டு அதைக் கொண்டுவந்தார். அவருக்குத் தர வேண்டிய சம்பளத்துக்கு விற்காத மீன் புத்தகங்களைக் கொடுத்தார்கள். அன்றைக்கு அங்கே ஐந்தாண்டுத் திட்டம் போட்டிருந்தாலும் முதல் இலக்கு மீனாகத்தான் இருந்திருக்கும் என்று முடிப்பார்.

எனக்குப் பிடித்தது வேறு கதை. வி. ராமஸ்வாமி ஐயர், அரசாங்கத்தில் டெபுடி கலெக்டர். ஆளுக்கு ஆண்டுக்கு 25 ரூபாய் போடுவோம், கணித இதழ்களும் நூல்களும் வாங்கி நமக்குள் சுற்றுக்கு விடுவோம் என்று கணித ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதினார். 1907இல் அது சங்கமானது; இன்றைய இந்தியக் கணிதவியல் கழகம் அதுதான். அதன் இதழில்தான் 1911இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. யார் எவ்வளவு தருகிறார்கள், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தக் கடிதத்திலேயே இருந்தது. எழுதி வைக்க வேண்டியது அந்த அளவுதான் என்பது என் கட்சி. ஆனால் எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் எங்கள் பதிவுக் கட்டணம் மாதிரி ஏதாவது ஒன்று தானாக முடிவு செய்துவிடும்.

கடைசியில் செயலாளர் ஐயாவும் நானும் ஒரு பக்கத்தில் எழுதினோம். ஆயுள் உறுப்பினருக்கு இதழ் இனி பிடிஎஃப்பில், அச்சில் வேண்டுவோர் ஆண்டுக்குத் தபால் செலவு மட்டும் தர வேண்டும், கருத்தரங்குப் பணம் கருத்தரங்குக்கே. பொதுக்குழுவில் இரண்டு மணிநேரம் சண்டை. “ஆயுள் என்று சொல்லி வாங்கிவிட்டு இப்போது பேச்சு மாறுகிறீர்களே” என்று ஒருவர் கேட்டதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. இருந்தாலும் தீர்மானம் நிறைவேறியது.

உறுப்பினர்களுக்குப் பதில் அட்டை வைத்துக் கடிதம் போட்டோம். ‘அச்சு’, ‘பிடிஎஃப்’ என்று இரண்டு கட்டம், டிக் அடித்தால் போதும். பாதிக்கு மேல் பதிலே இல்லை. சில கடிதங்கள் ‘பெறுநர் காலமானார்’ என்ற தபால்காரரின் குறிப்போடு திரும்பின. மானாமதுரை பக்கத்திலிருந்து வந்த ஓர் அட்டையில் எந்தக் கட்டத்திலும் டிக் இல்லை. “என் கணவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. இதழ் வந்துகொண்டுதான் இருக்கிறது. நிறுத்திவிடாதீர்கள், நான் படிக்கிறேன்” என்று நீல மையில் எழுதி, கூடவே நூறு ரூபாய்த் தாள் ஒன்றைப் பின் குத்தி உறையில் வைத்திருந்தார்.

துணைவிதிப்படி ஆயுள் உறுப்பினர் உரிமை வாரிசுக்குப் போகாது. செயலாளரிடம் காட்டி, எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டேன். அட்டையை இரண்டு முறை படித்தார்.

“அச்சுல போடுங்க தம்பி. பேரை மட்டும் மாத்திடுங்க.”