கடற்பாசி

திருகோணமலையில் எங்கள் பக்கத்து வளவில் இருந்த உம்மா, நோன்பு மாதத்தில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சிய கடற்பாசியைத் தட்டத்தில் ஊற்றி ஆறவைத்து, துண்டு துண்டாக வெட்டி வேலிக்கு மேலால் நீட்டுவார். அதே கடற்பாசி பின்னாளில் எனக்குச் சோறு போடும் என்று அப்போது யார் கண்டது!

ஜேர்மனியில் நுண்ணுயிரியலில் கலாநிதிப் பட்டம் முடித்தபின் என்னை வாட்டியது குளிரல்ல, ஒப்பந்தம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டத்துக்கு முன் 6 ஆண்டுகளும் பின் 6 ஆண்டுகளுமே பொதுவாகத் தவணை ஒப்பந்தத்தில் ஆய்வாளராக இருக்கலாம். அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்காவிட்டால் வெள்ளை அங்கியைக் கழற்ற வேண்டியதுதான். "கம்பஸில படிப்பிக்கிற ஆக்களுக்கு என்னண்டு தம்பி வேலை போகும்?" என்று அம்மா தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

பதவி கிடைத்ததும் நான் எடுத்த முதல் வகுப்பு அகாரைப் பற்றியது. உம்மா காய்ச்சிய அதே கடற்பாசிதான்; ஆய்வுகூடத்தில் அதன்மேல்தான் பற்றீரியாக்களை வளர்ப்போம். ஜேர்மன் நுண்ணுயிரியலாளர் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் இதற்கு முதலில் பயன்பட்ட ஜெலற்றின், 37 பாகைச் சூட்டில் உருகிவிடும். சில பற்றீரியாக்கள் அதையே கரைத்துத் தின்றுவிடும். அங்கு பணியாற்றிய வால்ட்டர் ஹெஸ்ஸவின் மனைவி ஃபனி, முன்னர் ஜாவாவில் வாழ்ந்த அயலவரிடம் அறிந்து தன் சமையலில் சேர்த்துவந்த அகாரை 1881இல் பரிந்துரைத்தார். கொதிநிலையை நெருங்கும்போது உருகும் அகார், 40 பாகைக்குக் கீழே இறங்கும்வரை உறையாது. 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கொக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதைச் சொல்லும் ஒவ்வொரு ஆண்டும் எனக்குக் கோபம் வரும். ஜேர்மன் இலக்கணத்தில் பிழை விடுவேனோ என்ற பயம் அந்தக் கோபத்தில்தான் மறந்துபோனது.

செய்முறை வகுப்பில், லீற்றருக்கு 15 கிராம் அகார் இட்டு, 121 பாகையில் 15 நிமிடம் கிருமி நீக்கிய போத்தலை, ஆறியபின் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பேன். சூடு தாங்குமென்றால், பற்றீரியா வளர்க்கும் மூடியுள்ள தட்டையான பெற்றிக் கிண்ணத்தில் ஊற்றலாம். சூடு கூடினால் மூடி வியர்க்கும், குறைந்தால் கட்டிபடும். மாணவர்கள் வெப்பமானியைத்தான் நம்புவார்கள்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அயல் பிள்ளைகள் தங்கள் விரல் நுனியில் வாழ்வனவற்றைப் பார்க்கட்டும் என்று, உம்மாவின் குசினியிலேயே கடையில் வாங்கிய கடற்பாசியை இறைச்சிச் சாற்றில் காய்ச்சினேன். உம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சீனி போடல்லியா மகன்?"